கப்பற் பந்தியும் கட்டற்ற ஆசனமும்

பந்தி என்ற சொல் நமக்குப் புதியதன்று. கலியாண வீட்டிலே முதற் பந்தி, இரண்டாம் பந்தி என்று பேசுகின்றோம். முதற் பந்தியில் இடம்பிடிக்க முந்துவாரையும், அடுத்த பந்தி ஆகட்டும் என்று பந்தலின் ஓரத்திலே ஒதுங்கி நிற்பாரையும் நாம் அறிவோம். இன்னாருக்குப் பக்கத்திலே இன்னார் அமர்ந்தார் என்பதும், அமர மறுத்தார் என்பதும் எத்தனை மனத்தாபங்களுக்கும் வழக்குகளுக்கும் வித்தாகியிருக்கின்றன! ஆகவே, நடுக்கடலிலே செல்லும் ஓர் உல்லாசக் கப்பலில் இராப்போசனத்துக்கு யார், எப்போது, எவருடன் அமர்வது என்ற கேள்வியை, வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று கூறி நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பந்தியைப் பற்றிய கேள்வி எங்கே எழுந்தாலும், அது மனிதர் மனிதரோடு கூடி வாழும் முறையைப் பற்றிய கேள்வியேயாகும்.

நிலையாசன முறை எனத் தகும் பழைய ஏற்பாட்டை முதலில் விளங்கிக்கொள்வது நன்று. கப்பலின் பெரிய போசனசாலையிலே பிரயாணிகளிற் பாதிப் பேருக்குத்தான் ஏறக்குறைய இடமிருக்கும். எனவே அவர்கள் இரண்டு பந்திகளாகப் பிரிக்கப்படுவர். முதற் பந்தி மாலை 6 மணியளவில். இரண்டாம் பந்தி இரவு 8 மணிக்குப் பின்னர். பிரயாணத்துக்குப் பதிவு செய்யும்போதே இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். கப்பலில் ஏறியதும் மேசையின் இலக்கம் கையிற் கிடைக்கும். அன்று தொட்டு இறங்கும் நாள்வரை அதே வேளை, அதே மேசை, அதே அயலார், அதே பரிசாரகர். ஒரு பந்தியினர் உண்ணும்போது மறு பந்தியினர் நாடகசாலையில் இருப்பர். பின்னர் இருசாராரும் இடம் மாறிக்கொள்வர். ஒரே ஆடலும் பாடலும் ஒரே இரவில் இருமுறை நடைபெற்றதற்குக் காரணம் இதுவே. எத்தனை பேர் எப்போது வருவார்கள் என்பது முன்னரே தெரிந்தபடியால் சமையலறைக்கும் இம்முறை வாய்ப்பானது. கணவனும் மனைவியுமாக இருவர் மட்டுமே சென்றாலும், ஆறு பேர் அல்லது எட்டுப் பேர் அமரும் மேசையிலே, முன்பின் அறியாத பிறருடன் சேர்த்து அமர்த்தப்படுவதே பெரும்பான்மை வழக்கமாயிருந்தது.

இந்த வழக்கம் ஒருநாளில் வானத்திலிருந்து குதித்ததன்று. 1840இல் சாமுவேல் கியூனாட்டின் 'பிரித்தானியா' என்னும் நீராவிக் கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கத் தொடங்கிய காலத்திலே, பிரயாணிகள் நீண்ட மேசைகளில் ஒருங்கே அமர்ந்து உண்டனர். 1842 ஜனவரியில் அக்கப்பலில் அமெரிக்கா சென்ற சாள்ஸ் டிக்கன்ஸ், நீண்டு ஒடுங்கிய அதன் கூடத்தை நகைச்சுவை ததும்ப வருணித்திருக்கின்றார். பின்வந்த கப்பல்களிலே தளத்தோடு பிணைக்கப்பட்ட சுழல் நாற்காலிகள் இருந்தன. கடல் கொந்தளிக்கும்போது தட்டுகள் சரிந்து விழாதபடி மேசை விளிம்பிலே சட்டங்கள் பொருத்தப்பட்டன. ஆயினும் செல்வர்கள் இந்தக் கூட்டு மேசையை நெடுநாட் பொறுத்தாரல்லர். 1905இல் ஜெர்மனியின் ஹம்பேர்க்-அமெரிக்கா கொம்பனியார் தமது 'அமெரிக்கா' என்னும் கப்பலிலே, விரும்பிய வேளையில் விரும்பிய உணவைத் தனியே பணம் கொடுத்து உண்ணத்தக்க உணவகமொன்றைத் திறந்தனர். 1912இல் மூழ்கிய 'ரைற்றானிக்' கப்பலிலும் முதலாம் வகுப்பாருக்கு அத்தகைய உணவகம் ஒன்று இருந்தது. அது காலை 8 மணி தொடக்கம் இரவு 11 மணி வரை திறந்திருக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. ஆகவே கட்டற்ற ஆசனம் நமது நூற்றாண்டின் கண்டுபிடிப்பென்று கொள்வதற்கில்லை. அது முதலாம் வகுப்பாரின் சலுகையாகவே பிறந்தது. ஏனையோருக்கு மணியடித்தாற் சோறு என்பதே விதியாக இருந்தது.

கொழும்புத் துறைமுகமும் இக்கதைக்குப் புறம்பானதன்று. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய பி. அன்ட் ஓ., ஓரியன்ற் ஆகிய கொம்பனிகளின் கப்பல்கள் கொழும்பிலே தரித்துச் சென்ற காலத்தில், மேற்படிப்பை நாடிச் சீமைக்குச் சென்ற நம்மவர்களும் அத்தகைய மேசைகளிலே அமர்ந்தவர்களே. நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் ஒரே மேசையில் அந்நிய தேசத்தாருடன் முகத்துக்கு முகம் பார்த்து உண்பதென்பது, பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிப்பதற்கு முன்னரே கிடைத்த ஒரு கல்வியாகும். அக்கல்வி எல்லாருக்கும் இனித்தது என்று நாம் கூறவரவில்லை. நிறத்தையும் நடையுடையையும் கண்டு முகஞ்சுளிக்கும் அயலாரும் அந்த மேசைகளில் இருந்திருப்பர். ஆனால் அவர்களும் மறுநாள் அதே ஆசனத்துக்கே வந்தாக வேண்டியிருந்தது என்பதை நினைவிற்கொள்க.

1958இல் ஜெற் விமானங்கள் அத்திலாந்திக்குக்கு மேலாகப் பிரயாணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கியபின், கப்பல் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்லும் வாகனம் என்ற நிலை மாறிற்று. கப்பலே சென்று தங்கும் ஊராயிற்று. அவ்வாறு எழுந்த உல்லாசக் கப்பற் கொம்பனிகளுள் 1966இல் தோன்றிய நோர்வீஜியன் கொம்பனியும் ஒன்று. 2000ஆம் ஆண்டில் அக்கொம்பனியார் 'பிறீஸ்ரைல்' என்ற பெயருடன் புதியதோர் ஏற்பாட்டை அறிமுகஞ்செய்தனர். குறித்த வேளை இல்லை. குறித்த மேசை இல்லை. இராப்போசனத்துக்கென்று சிறப்புடை அணிய வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் பிரின்செஸ், ஹொலண்ட் அமெரிக்கா, றோயல் கரீபியன், கார்னிவல் ஆகிய கொம்பனிகளும் வெவ்வேறு பெயர்களிலே இதனை ஒத்த ஏற்பாடுகளைக் கைக்கொண்டன. அவற்றுட் பல, பழைய முறையை முற்றாகக் கைவிடாது, இரண்டையும் ஒரே கப்பலிற் பேணின. போசனசாலையின் ஒரு தளம் நிலையாசனத்தாருக்கு; மற்றொரு தளம் கட்டற்ற ஆசனத்தாருக்கு.

கட்டற்ற ஆசனம் நடைமுறையில் இயங்கும் விதம் இதுதான். மாலை ஐந்தரை, ஆறு மணி தொடக்கம் இரவு ஒன்பது, ஒன்பதரை வரை போசனசாலை திறந்திருக்கும். பிரயாணி தான் விரும்பிய வேளையில் வாயிலுக்கு வந்து, தம்முடன் எத்தனை பேர் என்று தலைமைப் பரிசாரகரிடம் கூறுவார். பிறருடன் மேசையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதமா என்று அவர் வினவுவார். சம்மதமெனில் பெரிய மேசையில் இடம் விரைவிற் கிடைக்கும். இல்லையெனில், இருவருக்குரிய அல்லது நால்வருக்குரிய சிறிய மேசையொன்று வெறுமையாகும் வரை காத்திருத்தல் வேண்டும். ஆறரை மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையே வருவோர் தொகை மிகுதலால் வரிசை நீளும். காத்திருப்போர் கையிலே, முறை வந்ததும் அதிர்ந்து அழைக்கும் சிறு கருவியொன்று கொடுக்கப்படுவதும் உண்டு. இக்காலத்திலே கைத்தொலைபேசி மூலம் வேளையை முன்பதிவு செய்தலும் பெருகிவிட்டது. நாள்தோறும் ஒரே வேளையில் ஒரே பரிசாரகரின் மேசையையே கேட்டுப் பெறுவோரும் உளர். சுதந்திரத்தைக் கையிற் கொடுத்தபின்னும் மனிதன் பழக்கத்தையே நாடுகின்றான் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

புதிய முறையின் நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. துறைமுகமொன்றிலே இறங்கி ஊர் சுற்றிப் பிந்தி வருவோர், உடல் நனைந்தபடி போசனசாலைக்கு ஓட வேண்டியதில்லை. சிறு குழந்தைகளை உடையோர் நேரத்தோடு உண்டு உறங்கலாம். நீரிழிவு நோயாளர் மருந்துக்கேற்ற வேளையில் உணவு கொள்ளலாம். முதலாம் நாளிலேயே வாய்ச்சண்டைக்காரர் ஒருவரின் பக்கத்தில் அமர்த்தப்பட்டவர், பத்து நாளும் அவருடைய பெருமைகளைக் கேட்டுக்கொண்டு சூப்பைப் பருகும் தண்டனையிலிருந்து தப்பலாம். தனியே பிரயாணஞ்செய்யும் ஒரு பெண்ணுக்கு, விரும்பாத தோழமையை மறுநாளே விட்டு விலகும் உரிமை எவ்வளவு பெறுமதியானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நேரத்தைப் பொறுத்தவரையிலே கட்டற்ற ஆசனம் வெற்றி பெற்றுவிட்டது. வெற்றி பெற வேண்டியதுமாகும்.

ஆனால் இங்கே இரண்டு சுதந்திரங்கள் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன என்பதை நாம் கவனித்தல் வேண்டும். ஒன்று, எப்போது உண்பது என்பதைத் தெரியும் சுதந்திரம். மற்றையது, எவருடன் உண்பது என்பதைத் தெரியும் சுதந்திரம். முன்னையது கடிகாரத்தின் நிர்ப்பந்தத்திலிருந்து நம்மை விடுவிக்கின்றது. பின்னையதோ அயலாரிடமிருந்து நம்மை விடுவிக்கின்றது. முன்னையதை வேண்டி நின்ற மனிதனுக்குப் பின்னையதும் இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. தலைமைப் பரிசாரகரின் கேள்வியைச் சற்றே ஊன்றி நோக்குக. பழைய முறையிலே பிறருடன் அமர்தல் இயல்பு. தனித்து அமர விரும்புவோரே கேட்டுப் பெறல் வேண்டும். புதிய முறையிலே தனித்து அமர்தல் இயல்பாகிவிட, பிறருடன் அமர விரும்புவோர் தம் விருப்பத்தை வாய்திறந்து சொல்ல வேண்டியவராகின்றனர். களைத்து வந்து வரிசையிலே நிற்கும் மனிதன், அறியாதாருடன் இருக்கச் சம்மதமா என்ற கேள்விக்கு என்ன விடை கூறுவான்? எளிதான விடையையே கூறுவான். எளிதான விடைகள் பல சேர்ந்தபோது பெரிய மேசைகள் குறைந்து, சிறிய மேசைகள் பெருகுகின்றன. எவரும் எவரையும் விலக்கவில்லை. ஆயினும் எல்லாரும் விலகியிருக்கின்றனர்.

இந்த இடத்திலே நம் நாட்டு வரலாறு நமக்கு ஒரு பாடத்தை வைத்திருக்கின்றது. 1920களின் இறுதியிலும் 1930களிலும் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே சம ஆசனம், சம போசனம் என்னும் கோரிக்கைகள் எழுந்தபோது எழுந்த எதிர்ப்பை ஆசிரியர் உலகம் மறந்திருக்க முடியாது. ஒரே வாங்கிலே எல்லாப் பிள்ளைகளும் அமர்தல் வேண்டும் என்றதற்காகப் பாடசாலைகள் தீக்கிரையான நாடு இது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றி, பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்கொண்ட இயக்கத்தினர், சாதி வேற்றுமையை எதிர்த்து நின்றதும் அக்காலத்திலேயாம். கப்பலின் விருந்து மேசையையும், மானத்துக்காக நடந்த அப்போராட்டத்தையும் ஒரே தராசில் வைப்பது முறையன்று. ஒன்று சில நாளைய பொழுதுபோக்கு. மற்றையது தலைமுறைகளின் கண்ணீர். எனினும் ஓர் உண்மை இரண்டிடத்தும் ஒன்றே. எவர் பக்கத்தில் எவர் அமர்வது என்பதை முற்றாக அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தால், அந்த வாங்குகளிலே சமத்துவம் வந்திராது. பக்கத்தில் இருந்தபின்னரே பழக்கம் வரும். பழகியபின்னரே விருப்பம் வரும். விருப்பம் வந்தபின் அமரலாம் என்று காத்திருந்தால் பந்தி ஒருபோதும் கூடாது.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. பழைய கப்பலின் நிலையாசனம் எந்தச் சமத்துவத்தை வளர்த்தது? முதலாம் வகுப்பார் முதலாம் வகுப்பாருடனும், மூன்றாம் வகுப்பார் மூன்றாம் வகுப்பாருடனுந்தானே அமர்ந்தனர்? இக்கேள்வி நியாயமானதே. 2004இல் ஓடத் தொடங்கிய கியூனாட் கொம்பனியின் 'குயீன் மேரி 2' கப்பலிலே இன்றும், பிரயாணி எடுத்த அறையின் விலையே அவர் உண்ணும் சாலையைத் தீர்மானிக்கின்றது. ஆனால் கட்டற்ற ஆசனம் அந்தச் சுவரை இடித்துவிட்டதா என்று பார்த்தால், இல்லை என்பதே விடை. 2024இல் ஓடத் தொடங்கிய றோயல் கரீபியனின் 'ஐக்கன் ஒஃப் த சீஸ்' என்னும் கப்பல், ஆகக்கூடிய அளவாக 7,600 பிரயாணிகளை ஏற்றவல்லது; உணவுக்கும் பானத்துக்குமான இடங்கள் அதில் இருபதுக்கு மேற்பட்டவை. இவற்றுட் சில, பிரயாணக் கட்டணத்துள் அடங்கியவை. வேறு சில, தனிக் கட்டணம் கேட்பவை. கட்டற்ற பிரயாணத்தை முதலில் முழங்கிய நோர்வீஜியன் கொம்பனியின் பெரிய கப்பல்களிலே, உயர்விலை அறையாருக்கென்று 'ஹேவன்' என்ற பெயரில் வேலியிட்ட பகுதியும், அதற்கெனத் தனிப் போசனசாலையும் உள்ளன. விரும்பிய இடத்தில் உண்ணலாம் என்பதன் பொருள், பணம் இருப்பவர் விரும்பிய இடத்தில் உண்ணலாம் என்பதாக முடிகின்றது. 1905இல் முதலாம் வகுப்பாருக்குத் திறந்த கதவுதான் இன்று பல கதவுகளாகியிருக்கின்றது. சாவி மட்டும் மாறவில்லை.

மேசையின் மறுபக்கத்தில் நிற்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறாதுவிட்டால் இவ்விடயம் முழுமை பெறாது. கப்பற் பரிசாரகர்களிற் பெருந்தொகையினர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து, மாதக்கணக்கில் மனைவி மக்களைப் பிரிந்து வந்தவர்கள். நிலையாசன முறையிலே பரிசாரகர் தம் மேசையாரை அறிவார். இந்த முதியவருக்குத் தேநீரிற் சீனி ஆகாது, அந்தக் குழந்தை மீனைத் தொடாது என்பவை இரண்டாம் நாளே அவருக்கு மனப்பாடமாகிவிடும். மேசையாரும் அவருடைய பெயரையும், ஊரையும், பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் அறிவர். கடைசி இரவிலே கடித உறையில் வைத்துக் கையிற் கொடுக்கும் சன்மானம், அந்த அறிமுகத்தின் அடையாளமாயிருந்தது. புதிய முறையிலே நாளுக்கு இவ்வளவு என்று கணக்கிற் சேர்க்கப்படும் தொகையே பெருவழக்கு. கைக்காசு எவருடைய மனநிலையையும் சார்ந்திராமல், எல்லாருக்கும் ஒழுங்காகச் சேருமெனின் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒவ்வோர் இரவும் புதுமுகங்களுக்கே பரிமாறும் ஒருவர், அவர்களின் கண்ணில் மனிதராகத் தெரிவதற்கு வேண்டிய அவகாசம் எங்கே? இரண்டு பந்திகளுக்கும் இடையிலே முன்பு கிடைத்த சிறு இடைவெளியும், ஓயாது வந்துபோகும் விருந்தினர் நடுவே கரைந்துவிடுகின்றது.

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழில் சமவாயம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. கப்பற் தொழிலாளர் ஒருவருடைய வேலை நேரத்துக்கு அது விதிக்கும் உச்ச வரம்பு, எந்த இருபத்துநான்கு மணித்தியாலத்திலும் 14 மணித்தியாலம், வாரத்தில் 72 மணித்தியாலம். வரம்பே இவ்வளவாயின் உழைப்பு எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 'ரைற்றானிக்' கப்பலின் அந்தத் தனி உணவகத்திலே பணிபுரிந்த அறுபதுக்கு மேற்பட்டோருள் உயிர் தப்பியவர் மூவரே என்பதையும் இங்கு நினைவுகூரலாம். செல்வர் விரும்பிய வேளையில் உண்பதற்காக விழித்திருந்தோரின் பெயர்களை உலகம் அதிகம் நினைப்பதில்லை.

அப்படியாயின் பழைய முறைக்கே திரும்புவதா? அதுவன்று நமது கருத்து. இரு ஓரங்களுக்கும் நடுவே வழியுண்டு என்பதைக் கப்பற் கொம்பனிகளின் அனுபவமே காட்டுகின்றது. 2014இல் வந்த 'குவான்ரம் ஒஃப் த சீஸ்' கப்பலிலே, ஒரு பெரிய போசனசாலைக்குப் பதிலாக நான்கு சிறிய உணவகங்களை அமைத்து, பிரயாணிகள் நாள்தோறும் விரும்பியதைத் தெரிந்துகொள்ளலாம் என்று றோயல் கரீபியன் கொம்பனியார் வழிசெய்தனர். பரிசாரகரோடு பழக முடியவில்லையே என்ற குறையைத் தீர்ப்பதற்குப் பின்னர் மாற்றங்கள் செய்யவேண்டி வந்தது. 2016ஆம் ஆண்டளவில் அம்முறை கைவிடப்பட்டது. மறுபுறத்திலே, 1998இல் கப்பலோட்டத் தொடங்கிய டிஸ்னி கொம்பனியாரோ வேறொரு வழியைக் கண்டனர். அங்கே பிரயாணிகள் மூன்று உணவகங்களிலே முறைவைத்து உண்கின்றனர். அவர்களுடைய பரிசாரகரும் அவர்களோடு கூடவே இடம் மாறுகின்றனர். இடம் புதிது, முகம் பழையது. இம்முறை இன்றளவும் நிலைத்திருக்கின்றது. மாற்றத்தை விரும்பும் மனிதன் உறவையும் விரும்புகின்றான் என்பதை வியாபாரிகளே கண்டுகொண்டிருக்கின்றனர்.

ஆகவே நாம் வேண்டுவது சிறியதொரு திருத்தமே. வேளையைத் தெரியும் உரிமை பிரயாணிக்கே இருக்கட்டும். ஆனால் வாயிலிலே கேட்கப்படும் கேள்வி தலைகீழாக மாறட்டும். பகிர்ந்துகொள்ளச் சம்மதமா என்பதற்குப் பதிலாக, இன்று தனித்திருக்க விருப்பமா என்று தலைமைப் பரிசாரகர் கேட்கட்டும். தனிமையை வேண்டுவோர் தயங்காது கேட்டுப் பெறலாம். நோயுற்றோர்க்கும், புதுமணத் தம்பதியர்க்கும், துயருற்றோர்க்கும் அது உரியதே. மற்றையோர் இயல்பாகவே பெரிய மேசையில் வந்து சேர்வர். ஓர் இரவு ஒருவர் பொருந்தாவிடின் மறுநாள் வேறு மேசை இருக்கின்றது. பழைய முறையின் சிறை அங்கே இல்லை. புதிய முறையின் தீவும் அங்கே இல்லை.

இது கப்பலோடு நின்றுவிடும் விடயமா? நமது கலியாண மண்டபங்களிலே பந்தி மறைந்து, தட்டைக் கையிலேந்தி அவரவர் அறிந்தாரோடு ஒதுங்கி நின்று உண்ணும் வழக்கம் பெருகிவருவதை வாசகர் கண்டிருப்பர். நின்றுண்பதிலும் வசதியுண்டு; காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்பாராத ஒருவர் பக்கத்திலே இலை போடப்பட்டு, அவருக்குப் பாயசம் வந்ததா என்று நாம் பரிமாறுவோரைக் கூப்பிட்டுக் கேட்கும் அந்தச் சிறிய கடமை, பந்தியோடு சேர்ந்தே போய்விடுகின்றது. பசியாற்றுவதற்கு உணவு போதும். ஊராவதற்குப் பந்தி வேண்டும். கரையென்றாலும் கடலென்றாலும் இவ்விதி ஒன்றே.